எவர்சில்வர் டம்ளரும் வேட்டைத் துப்பாக்கியும்

காலையில் நீங்கள் காப்பி குடித்த டம்ளர் எவர்சில்வரா? அப்படியானால், துப்பாக்கிக்காகத் தேடிய உலோகம் உங்கள் கையில் இருந்தது!

வியப்பாக இருக்கிறதா? கதையைக் கேளுங்கள்.

தொழிலாளி மகன்

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்று ஓர் ஊர். இரும்பு வேலைக்குப் பேர் போன ஊர். அங்கே ஹாரி பிரியர்லி என்பவர் இருந்தார். உருக்காலைத் தொழிலாளியின் மகன். 12 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போனவர். தாமாகவே படித்து, உருக்கு ஆராய்ச்சியாளர் ஆனார்.

1912ஆம் ஆண்டு, துப்பாக்கி செய்கிறவர்கள் அவரிடம் ஒரு குறையைச் சொன்னார்கள். "சுடச் சுடக் குழாயின் உட்புறம் அரித்துப் போகிறது. அரிக்காத உருக்கு வேண்டும்" என்றார்கள்.

பிரியர்லி உருக்கில் குரோமியத்தைக் கலந்து பார்த்தார். 1913 ஆகஸ்டில், 100க்குச் சுமார் 13 பங்கு குரோமியம் கலந்த உருக்கு உருவாயிற்று. எலுமிச்சைச் சாறு பட்டாலும் அது கறுக்கவில்லை. துருவும் ஏறவில்லை.

ஆனால் அது முதலில் துப்பாக்கிக்குப் போகவில்லை. சாப்பாட்டு மேசைக் கத்திக்குத்தான் போயிற்று! பிறகு நிக்கலும் சேர்ந்தது. நம் வீட்டுப் பாத்திரமும் ஆயிற்று. துப்பாக்கிக்கு அது பரவலாக வந்தது வெகு காலத்துக்குப் பிறகுதான்.

கதவுத் தாழ்ப்பாள்

வேட்டைத் துப்பாக்கிகளில் 'போல்ட்' வகை என்று ஒன்று உண்டு. போல்ட் என்றால் தாழ்ப்பாள். வேலையும் அதேதான்.

கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால், வெடித்த தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் புதுத் தோட்டா உள்ளே போகும். கைப்பிடியை மடக்கினால் தாழ் விழுந்துவிடும். அதன் பிறகே சுட முடியும். ஒவ்வொரு முறையும் கையால்தான் இதைச் செய்ய வேண்டும். உறுப்புகள் குறைவு; பழுதும் குறைவு. முன்பு போலீஸ்காரர் தோளில் தொங்கிய .303 துப்பாக்கி இந்த வகைதான்.

எதைப் பார்த்து வாங்குவது?

தாம்பரத்துப் பிள்ளை ஒருவர் நியூசிலாந்தில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே மான்கள் அந்த நாட்டுப் பிராணிகள் அல்ல. வெள்ளைக்காரர்கள் கொண்டுபோய் விட்டவை. பெருகிக் காட்டை அழிக்கின்றன. ஆகவே உரிமம் உள்ளவர்கள் அங்கே மான் வேட்டை ஆடலாம். மழை மிகுந்த மலைக்காடு. "எவர்சில்வர் துப்பாக்கி வாங்கட்டுமா அப்பா?" என்று பிள்ளை கேட்கிறார். அப்பா என்ன சொல்லலாம்?

முதலில், பளபளப்பைப் பார்க்காதே. உனக்குப் பொருந்துகிறதா என்று பார். தோளில் வைத்தால் கழுத்தை வளைக்காமல் குறி தெரிய வேண்டும். சுமார் 3 கிலோ எடை என்றால் மலையில் தூக்கி நடக்கலாம். மிகவும் இலேசாக இருந்தால் சுடும்போது தோளில் பலமாக உதைக்கும்.

இரண்டாவது, தோட்டாவின் அளவு. பிராணிக்குத் தக்கபடி இருக்க வேண்டும். சிறிய தோட்டாவால் பெரிய மானைச் சுட்டால், அது சாகாமல் காயத்தோடு ஓடித் துன்பப்படும். அது பாவம்.

மூன்றாவது, காப்புப் பூட்டு. எளிதில் கைக்கு எட்ட வேண்டும். தானாக நழுவக் கூடாது.

நான்காவது, கட்டை. மரக்கட்டை மழையில் ஊறி உப்பும், குழாயை அழுத்தும், குறி தப்பும். ஈரமான ஊருக்குச் செயற்கைக் கட்டை நல்லது.

காந்தச் சோதனை

ஐந்தாவதுதான் உலோகம். நிக்கல் கலந்த நல்ல எவர்சில்வர் பாத்திரத்தில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் எவர்சில்வர் துப்பாக்கிக் குழாயில் பெரும்பாலும் ஒட்டும்! ஏன்? குழாயைக் கடைந்து துளையிட வேண்டும். அது வலுவாகவும் இருக்க வேண்டும். அதற்காக வேறு வகை எவர்சில்வரைப் போடுகிறார்கள். அது பாத்திர உலோகத்தைப் போல அவ்வளவு தூரம் துருவைத் தாங்காது.

மேலும், குழாய் மட்டும்தான் எவர்சில்வர் என்று இருக்கலாம். உள்ளே இருக்கும் வில்லும் ஆணியும் சாதாரண உருக்காக இருக்கலாம்.

தாம்பரம், மேடவாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது புரியும். ஐப்பசி மழை முடிவதற்குள் ஜன்னல் கம்பியில் துரு வந்துவிடுகிறது அல்லவா? உப்பும் புளியும் கிடந்தால் எவர்சில்வர் பாத்திரத்திலேயே புள்ளி விழுகிறது அல்லவா? எவர்சில்வர் துரு வருவதைத் தாமதப்படுத்தும். அவ்வளவுதான். துடைக்கும் துணிக்கும் எண்ணெய்க்கும் அது ஈடாகாது. துப்பாக்கியைத் தோல் உறையில் மாதக் கணக்கில் போட்டு வைத்தால் எந்த உருக்கும் கெடும்.

கார்பெட்டின் துப்பாக்கி

ஜிம் கார்பெட் பெயரைக் கேட்டிருப்பீர்கள். 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் புலியை 1907ல் சுட்டு வீழ்த்தியவர். அதற்குப் பரிசாக அவருக்கு ஒரு ரிக்பி துப்பாக்கி கிடைத்தது. இலேசான போல்ட் துப்பாக்கி. எவர்சில்வர் அல்ல, சாதாரண உருக்கு. ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்தபோது அது அவருக்குப் பல ஆண்டுகள் உழைத்தது.

அதே கார்பெட் பிற்காலத்தில் கேமராவையும் கையில் எடுத்தார். புலியைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசினார், எழுதினார். இமயமலை அடிவாரத்தில் 1936ல் அமைந்த தேசியப் பூங்காவுக்கு இன்று அவர் பெயர்தான்!

நம் ஊரில் என்ன?

இங்கே வேட்டைத் துப்பாக்கி வாங்க நினைப்பவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் வேட்டை இல்லை. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991ல் வேட்டை உரிமங்களும் நீக்கப்பட்டன. கிண்டிப் பூங்காவில் துள்ளும் வெளிமானைச் சுட்டால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை.

இந்தச் சட்டம் நரிக்குறவர் குடும்பங்களின் பரம்பரைத் தொழிலையும் பறித்தது. ஊசி, பாசிமணி விற்றுப் பிழைக்கும் நிலை அவர்களுக்கு வந்தது. காட்டைக் காப்பாற்றியதற்கு அந்த ஏழைகள் கொடுத்த விலையை நாம் மறக்கக் கூடாது.

தற்காப்புக்கு, பயிர்க் காவலுக்கு, விளையாட்டுக்கு என்று தக்க காரணம் காட்டினால்தான் துப்பாக்கி உரிமம் கேட்கலாம். 21 வயது நிரம்ப வேண்டும். தாம்பரத்துக்குத் தனிப் போலீஸ் கமிஷனர் அலுவலகம் 2022ல் வந்தது. கமிஷனர் உள்ள இடத்தில் மனுவைப் பார்ப்பவர் அவர். போலீஸ் விசாரணை உண்டு. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பொதுவாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது. தேர்தல் காலத்தில் அதையும் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

குறி பார்க்கும் ஆசை பிள்ளைக்கு இருந்தால் வழி இல்லாமல் இல்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் 2019ல் உலகக் கோப்பைத் தங்கம் வென்றார். அவர் குறி வைத்தது உயிரற்ற இலக்குக்கு. எந்த உயிரும் போகவில்லை. நாட்டுக்குப் பெயர் வந்தது!

ஆகவே, "எந்தத் துப்பாக்கி நல்லது?" என்று கேட்கும் முன் "எதற்காக?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் இருந்தால், மற்றதைப் பிறகு பார்க்கலாம். பதில் இல்லையென்றால் கவலை வேண்டாம். துப்பாக்கிக்காகத் தேடிய உலோகம்தான் டம்ளராக உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டதே. அதில் இன்னொரு வாய் காப்பி குடியுங்கள்!