புயலடிச்சா என்ன, மழை பெஞ்சா என்ன... மொட்டைமாடி ‘டெக்’குக்கு எந்த மரம் தாங்கும்? - ஒரு நியூயார்க் கதை

2022 நவம்பர் 27. சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடலுக்கு அருகே சென்று வர மரத்தாலான பாதை திறக்கப்பட்டது. 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், செலவு ஒரு கோடி ரூபாய்க்கும் மேல். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி வாழ்க்கையில் முதன்முறையாக அலையைப் பக்கத்தில் பார்த்தவர்களின் படங்கள் அன்று சமூக வலைதளங்களை நிறைத்தன.

இரண்டு வாரம்கூட முழுதாக ஓடவில்லை. டிசம்பர் 9-ம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. மரப்பாதையின் கடல்பக்க முனை சேதமடைந்தது. மறுநாள் காலையிலேயே பழி மரத்தின் மீது விழுந்தது. கான்கிரீட்டில் போட்டிருக்கலாமே, கடற்கரையில் போய் யாராவது மரத்தைப் போடுவார்களா என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். பாதை பிறகு சரிசெய்யப்பட்டது, மக்களும் பயன்படுத்துகிறார்கள். ஆனால், அன்று எழுந்த சந்தேகம் மட்டும் பலரிடம் அப்படியே இருக்கிறது.

உண்மையில் மாண்டஸ் இரவில் தோற்றது மரமா? பதின்மூன்று நாளில் எந்த மரமும் உளுத்துப்போகாது. அலை அடித்ததும் அடியில் இருந்த மணல் நகர்ந்ததும்தான் அங்கே நடந்தவை. மரம் மக்கிப்போவது ஒரு பிரச்னை, மரம் பெயர்ந்துபோவது வேறு பிரச்னை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் மரக்கடையில் பணத்தை இழப்பது நிச்சயம்.

இப்போது இதைப் பேசக் காரணம் இருக்கிறது. மொட்டைமாடி, பால்கனி, ஈ.சி.ஆர் பக்கத்து வார இறுதி வீடு, கொடைக்கானல் காட்டேஜ் என்று எங்கு பார்த்தாலும் ‘வுடன் டெக்’ மோகம். ஐப்பே, குமாரு, பாலாவ், மெர்பாவ், பர்மா தேக்கு, தெர்மோ பைன், டபிள்யூ.பி.சி என்று கடைக்காரர் அடுக்கும் பெயர்களைக் கேட்டாலே தலைசுற்றும். எல்லாமே ‘25 வருஷம் கேரன்ட்டி சார்’ என்ற ஒரே வசனத்தோடுதான் வரும்.

இந்தக் குழப்பத்தை ஒரு மாநகரமே அனுபவித்திருக்கிறது. அதுவும் சின்ன அளவில் இல்லை, கிலோமீட்டர் கணக்கில்!

கோனி ஐலண்டின் இரும்பு மரம்

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருக்கும் கோனி ஐலண்ட் கடற்கரையை ஹாலிவுட் படங்களில் பார்த்திருப்பீர்கள். ராட்டினம், ஹாட் டாக் கடை, கடலை ஒட்டி அகலமான மரநடை. 1923-ம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்ட அந்த நடைபாதைக்கு, அன்றைய புரூக்ளின் நிர்வாகத் தலைவர் எட்வர்ட் ரீகல்மேனின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. நீளம் சுமார் 4.3 கிலோமீட்டர். நம் மெரினா மரப்பாதையைப் போல 16 பாதைகளை வரிசையாகப் போட்டால் அந்த நீளம் வரும்.

உப்புக்காற்று, பனி, கோடை வெயில், தினமும் ஆயிரக்கணக்கான கால்கள், நடுநடுவே குப்பை வண்டியும் போலீஸ் காரும். இத்தனையையும் தாங்க நகர நிர்வாகம் தேர்ந்தெடுத்த மரம்தான் ஐப்பே. பிரேசில் உள்ளிட்ட தென் அமெரிக்க நாடுகளின் காடுகளிலிருந்து வருவது. ஒரு கன மீட்டர் ஐப்பே பலகையின் எடை சுமார் 1,000 கிலோவைத் தாண்டும். அதாவது தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் மூழ்கிவிடும். நல்ல தேக்கே கன மீட்டருக்கு 650 கிலோ அளவில்தான் நிற்கும். ஐப்பே மரத்தில் துளை போடாமல் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். தீப்பிடிப்பதிலும் ஐப்பே படுசோம்பேறி.

பிரேசிலில் இதற்கு இன்னொரு பெயர் ‘பாவ் டார்கோ’. வில் மரம் என்று அர்த்தம். அங்குள்ள பழங்குடிகள் வில் செய்யப் பயன்படுத்தியதால் வந்த பெயர். நமக்கும் இந்த மரம் ரொம்ப அந்நியமில்லை. கடலூர் திருப்பாதிரிப்புலியூர் கோயிலின் தல விருட்சமான பாதிரி இருக்கிறதே, அந்த மரமும் ஐப்பேயும் ஒரே தாவரக் குடும்பம். பெங்களூருவில் கோடைக்கு முன்னால் தெருவையே இளஞ்சிவப்பாக்கும் டபேபுயா மரங்களும் நெருங்கிய சொந்தம்தான்.

ஒரு மரத்துக்காக ஒரு சாலை

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. தேக்குத் தோப்பு போல ஐப்பே தோப்பு என்று காட்டில் எதுவும் கிடையாது. பல ஏக்கருக்கு ஒரு பெரிய மரம் என்று சிதறித்தான் நிற்கும். அதை எடுக்க காட்டுக்குள் பாதை வெட்ட வேண்டும், வண்டி போக வேண்டும். அப்படி வெட்டிய பாதை வழியே பிறகு மாட்டுப் பண்ணைக்காரரும் சோயா விவசாயியும் உள்ளே நுழைகிறார்கள். ஒரு மரத்துக்காகத் திறந்த கதவு பிறகு மூடுவதே இல்லை. காகிதத்தில் ‘இத்தனை ஐப்பே மரங்கள் இங்கே இருக்கின்றன’ என்று இல்லாத மரங்களைக் கணக்குக் காட்டி, வேறு எங்கோ திருடிய மரங்களுக்கு ரசீது வாங்கும் மோசடி பற்றி 2018-ல் கிரீன்பீஸ் அமைப்பு விரிவான அறிக்கையே வெளியிட்டது.

நியூயார்க்கில் இதற்கு எதிராகச் சூழலியலாளர்கள் பல வருடங்கள் குரல் கொடுத்தார்கள். பூங்கா பெஞ்ச் முதல் கடற்கரை நடை வரை வெப்பமண்டல மரங்களை வாங்கிக் குவிக்கும் நகரம் அது. 2008-ல் மேயர் மைக்கேல் புளூம்பெர்க், நகரத்தின் வெப்பமண்டல மரப் பயன்பாட்டைக் குறைக்கப்போவதாக அறிவித்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பதிலுக்கு எதைப் போடுவது?

கான்கிரீட்டும் மறுசுழற்சி பிளாஸ்டிக் பலகையும் என்றது நகர நிர்வாகம். 2012 மார்ச்சில் பிரைட்டன் பீச் பகுதிக்கு அந்தத் திட்டத்துக்கு ஒப்புதலும் கிடைத்தது. பக்கத்தில் வசித்தவர்கள் கொதித்தார்கள். அங்கே வயதானவர்கள் அதிகம். மரத்தில் நடந்தால் முட்டிக்கு இதம், கான்கிரீட்டில் நடந்தால் நடைபாதையில் நடப்பதுபோலத்தானே இருக்கும் என்பது அவர்கள் வாதம். வழக்குக்கும் போனார்கள், நிற்கவில்லை. இதில் அவர்களை வெறும் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. சிமென்ட் தயாரிப்பு வெளியிடும் கார்பன் என்ன, பிளாஸ்டிக் பலகை தேய்ந்து கடலில் கலப்பது என்ன என்ற கேள்விகளுக்கு யாரிடமும் சுலபமான பதில் இல்லை. காட்டைக் காப்பாற்ற சிமென்ட் கொட்டுவது என்பது கொஞ்சம் விநோதமான வழிதான்.

அதே வருடம் அக்டோபர் 29-ம் தேதி சாண்டி புயல் வந்தது. அருகில் இருந்த ராக்கவே கடற்கரையின் நீண்ட மரநடை பெரும்பகுதி பிய்த்தெறியப்பட்டது. கான்கிரீட் தூண்கள் வரிசையாக நிற்க, மேலே இருந்த பலகைகள் மட்டும் அடித்துச் செல்லப்பட்டுத் தெருக்களில் கிடந்தன. கிட்டத்தட்ட மெரினா கதைதான், பல மடங்கு பெரிதாக. ஆனால், அந்தப் பலகைகள் உளுத்திருந்தனவா? இல்லை. புயலில் பெயர்ந்த அதே மரத்தை இழைத்து மேஜையும் பெஞ்சும் செய்து விற்றார்கள். மரம் உறுதியாக இருந்தது, அதைப் பிடித்திருந்த அமைப்புதான் தோற்றது.

ராக்கவேயில் கான்கிரீட் நடை எழுந்தது. 2017-ல் வேலை முழுதாக முடிந்தது. கோனி ஐலண்ட் நடைபாதை 2018 மே மாதம் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட இயற்கை அழகுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாதுகாப்பு நடைபாதைக்குத்தான், மரத்துக்கு இல்லை. எந்தப் பொருளில் போட வேண்டும் என்பதை அந்த அறிவிப்பு கட்டிப்போடவில்லை.

வைரம் பாய்ந்த கட்டையா?

சரி, நம் மாடிக்கு வருவோம்.

மரம் ஏன் மக்குகிறது? பூஞ்சையால். பூஞ்சைக்குத் தேவை ஈரம். பலகையின் ஈரப்பதம் 20 சதவிகிதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் எதுவும் செய்ய முடியாது. அதனால்தான் 100 வருடப் பழைய செட்டிநாட்டு வீட்டில், கூரைக்கு அடியில் இருக்கும் பர்மா தேக்குத் தூண் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. அதே தேக்கின் மட்டமான துண்டு, தண்ணீர் தேங்கும் மாடியில் சில மழைக்காலத்திலேயே பல்லிளித்துவிடும்.

ஈரம் பட்டாலும் தாங்கும் மரங்களில் இயற்கையாகவே பூஞ்சைக்கும் கரையானுக்கும் ஆகாத வேதிப்பொருள்கள் இருக்கும். ஆனால், அவை மரம் முழுக்க இருக்காது. நடுவில் இருக்கும் அடர்நிறப் பகுதியில் மட்டும்தான். ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். ஓரத்தில் வெளிர்நிறமாக இருக்கும் பகுதி, தேக்காக இருந்தாலும் ஐப்பேயாக இருந்தாலும் கரையானுக்கு டிபன்தான். கடையில் பலகையைத் திருப்பிப் பார்க்கும்போது முதலில் தேட வேண்டியது இந்த வெளிர் பட்டையை. சீக்கிரமே வெட்டப்படும் இளம் தோட்டத் தேக்கில் இது நிறைய இருக்கும். ‘தேக்கு’ என்ற பெயரை மட்டும் நம்பி ஏமாறுவது இங்கேதான்.

மரத்தின் ஆயுளை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது சுவாரஸ்யம். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனைகளில் மரக்கட்டைகளைப் பாதி மண்ணில் புதைத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். இதற்குப் பெயரே கல்லறைச் சோதனை! சராசரியாக 120 மாதங்களுக்கு மேல் தாங்கினால் முதல் வகுப்பு. 60 முதல் 120 மாதம் என்றால் இரண்டாம் வகுப்பு. அதற்கும் கீழே மூன்றாம் வகுப்பு. தேக்கு முதல் வகுப்பு. மண்ணில் புதைந்த நிலையிலேயே 10 வருடம் என்றால், தரையைத் தொடாமல் காற்றோட்டமாகப் போட்ட பலகை இன்னும் அதிகம் உழைக்கும். கடைக்காரரிடம் ‘எத்தனை வருஷம் வரும்’ என்று கேட்பதைவிட, ‘இது எந்த வகுப்பு, வைரப்பகுதி மட்டும்தானா’ என்று கேட்டால் அவரே கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

இறக்குமதி மரங்களில் தென்கிழக்கு ஆசியாவின் பாலாவ் நல்ல உறுதி. மெர்பாவும் அப்படியே. ஆனால், புது மெர்பாவ் முதல் மழையில் செம்பழுப்புச் சாயம் இறக்கும். பக்கத்தில் வெள்ளை டைல்ஸோ, கீழ்வீட்டுக்காரரின் வெள்ளைச் சுவரோ இருந்தால் சண்டைக்குத் தயாராக இருங்கள். ஐப்பேயும் குமாருவும் உழைப்பில் முதலிடம். ஆனால், 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் இரண்டாம் பட்டியலில் இவை சேர்க்கப்பட்டன. 2024 நவம்பர் 25 முதல் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. தடை கிடையாது. ஆனால், ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதிச் சான்று இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. விற்பவரிடம் அந்த ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். ‘அதெல்லாம் எதுக்கு சார்’ என்றால், கடையை மாற்றிவிடலாம்.

பர்மா தேக்கின் கதை இன்னும் சிக்கல். 2014 ஏப்ரல் முதல் மியான்மர் முழு மரக்கட்டைகளின் ஏற்றுமதியை நிறுத்தியது. 2021 பிப்ரவரி ராணுவப் புரட்சிக்குப் பிறகு, அந்நாட்டின் அரசு மர நிறுவனத்தின் மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. ‘பர்மா’ என்ற முத்திரையோடு வரும் புதுப் பலகைக்குப் பின்னால் யாருக்குப் பணம் போகிறது என்பது வாங்குபவரும் யோசிக்க வேண்டிய விஷயம்.

இத்தனைக்கும் நடுவே, நம் ஊரிலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. இடிக்கப்படும் பழைய வீடுகளின் நிலை, உத்தரம், கதவுச் சட்டங்கள். முற்றிய மரம், நன்கு காய்ந்தது, இதற்காகப் புதிதாக எந்தக் காட்டிலும் கோடரி விழப்போவதில்லை. பழைய ஆணிகளைப் பிடுங்கி, அறுத்து, இழைக்கும் கூலி கூடும். ஒரே அளவில் பலகை கிடைக்காது. மாடிக்கு ஒரு சின்ன டெக் என்றால் இதைவிடச் சிறந்த தேர்வு சிரமம். ஆனால், பழைய ரயில் தண்டவாளக் கட்டைகள் மட்டும் வேண்டாம். அவற்றில் ஏற்றியிருக்கும் கிரியோசோட் எண்ணெய் தோலுக்கு ஆகாது, குழந்தைகள் வெறுங்காலில் ஓடும் இடத்துக்கு உகந்ததே இல்லை.

ஸ்க்ரூவில் கஞ்சத்தனம் கூடாது

எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும் போடுகிற விதத்தில் கெட்டுப்போகும். தளத்தில் நேராகப் பலகையை ஒட்டக் கூடாது. கீழே சட்டம் வைத்து, காற்றுப் போகவும் தண்ணீர் வடியவும் இடம் விட வேண்டும். பலகைக்குப் பலகை 5 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி அவசியம். வெட்டிய முனைகள்தான் தண்ணீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுபவை. அங்கே மெழுகு அல்லது சீலர் பூச வேண்டும். கடற்கரைக்கு அருகில் வீடு என்றால் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ மட்டும்தான். சாதா ஸ்க்ரூ போட்டால் துரு பிடித்து, பலகை நன்றாக இருக்கும்போதே ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொள்ளும். மாடியில் நீர்க்கசிவுத் தடுப்பு வேலையை டெக் போடுவதற்கு முன்பே முடித்து, தண்ணீர் கட்டிச் சோதித்துவிடுங்கள். பிறகு எல்லாவற்றையும் பிரிக்க நேர்ந்தால் செலவு இரட்டிப்பு.

ஒரு வருடத்தில் பலகை சாம்பல் நிறமாக மாறியதும் பலர் பதறிப்போய்க் கடைக்காரருக்கு போன் போடுகிறார்கள். அது கெட்டுப்போன அறிகுறி இல்லை. வெயிலின் புற ஊதாக்கதிர் மேல்தோலை மட்டும் வெளுக்கச் செய்கிறது. பழைய நிறமே வேண்டும் என்றால் வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன்பாகக் கழுவிக் காயவைத்து எண்ணெய் பூசினால் போதும். பளபள வார்னிஷ் வேண்டாம். நம் வெயிலில் அது முதல் கோடையிலேயே தோல் உரிய ஆரம்பித்துவிடும்.