அனலும் அடுப்பும் – 9: சாத்தே

சிறு துண்டுகளாக நறுக்கிய கறியை மசாலாவில் ஊறவைத்து, குச்சியில் கோத்து, கரி நெருப்பில் வாட்டினால் அது சாத்தே. ஜாவாவில் 19ஆம் நூற்றாண்டில் தெருவோரப் பண்டமாகப் பரவி, அங்கிருந்து குடியேறியவர்களோடு மலாயாவுக்கு வந்த உணவு இது. முஸ்லிம் வணிகர்களின் கபாப்தான் இதற்கு முன்னோடி என்பது உணவு வரலாறு எழுதியவர்கள் பலரின் கருத்து. மலேசியாவில் சாத்தேக்குப் பேர்போன ஊர் சிலாங்கூரின் காஜாங். ஆனால் வீட்டில் சாத்தே சுட நினைப்பவருக்கு வேண்டிய நல்ல கரிக்கும் நல்ல கடலைக்கும் பேராக்தான் இடம்.

மலாய்க் கடைகளில் கோழியும் மாடும் விற்கும்; ஈப்போவின் சீனக் காப்பிக்கடைகளில் பன்றி சாத்தேயும் உண்டு. தமிழர் வீடுகளில் பெரும்பாலும் கோழி, சில சமயம் ஆடு. கோழியில் தொடைக்கறியே ஏற்றது. நெஞ்சுக்கறி நெருப்பில் நார்நாராகக் காய்ந்துவிடும். ஆட்டுக்கறியாக இருந்தால் ஜவ்வை முழுக்க எடுத்துவிட வேண்டும். கறி பாதி உறைந்த நிலையில் இருக்கும்போது நறுக்கினால் கத்தி வழுக்காது. நாரோட்டத்துக்குக் குறுக்கே, விரல் கனத்தில் நறுக்குவது முறை. குச்சிக்கு 25 கிராம் என்று வைத்தால் ஒரு கிலோவில் 40 குச்சி தேறும்.

அந்த ஒரு கிலோவுக்கு நான்கு செராய்த் தண்டின் வெள்ளைப் பகுதி, பத்து சின்ன வெங்காயம், நான்கு பல் பூண்டு, கட்டைவிரல் அளவு லெங்குவாஸ் ஆகியவற்றை விழுதாக அரைக்க வேண்டும். அதோடு மல்லித்தூள் ஒரு மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் இரண்டு தேக்கரண்டி, சீரகமும் சோம்பும் பொடித்தது தலா ஒரு தேக்கரண்டி, சீனி மூன்று மேசைக்கரண்டி, உப்பு இரண்டு தேக்கரண்டி, கொஞ்சம் எண்ணெய். செராயையும் சீனியையும் எடுத்துவிட்டால் இது ஏறக்குறைய நம் வீட்டுக் கறி மசாலாதான். மிளகாய்த்தூளும் போடலாமே என்று கை துறுதுறுக்கும். போடக் கூடாது, அது கருகிக் கசக்கும், காரத்துக்குக் கடலைக் குவா (குழம்பு) இருக்கிறது. மசாலா கறிக்குள் சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது, உப்பு மட்டுமே ஆழமாகப் போகும். துண்டு சிறிதாக இருப்பதன் நியாயம் இதுதான். இரவு முழுக்கக் குளிர்ப்பெட்டியில் ஊறினால் போதும். ஆட்டுக்கறியை மிருதுவாக்க அன்னாசிச் சாறு சேர்ப்பவர்கள் அதைச் சுடுவதற்கு அரை மணி நேரம் முன்பு சேர்ப்பது நல்லது. அதிகம் ஊறினால் கறி கூழாகும்.

குச்சிக்கு அந்நாளில் தென்னை ஈர்க்கு. இன்று கடையில் மூங்கில் குச்சி. ஊறவைத்தால் குச்சி எரியாது என்பார்கள். ஊறவைப்பதைவிட, குச்சியின் வெறும் பகுதியைத் தணலுக்கு வெளியே நிறுத்துவதே அதைக் காப்பாற்றும். துண்டுகளை நெருக்கமாக, நுனி மறையக் கோக்க வேண்டும்.

சாத்தேயின் பாதி ருசி கரியில் இருக்கிறது. ரப்பர் தோட்டங்களில் லயத்து அடுப்புகள் காய்ந்த ரப்பர் கட்டையில் எரிந்த காலத்தில் விறகுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தக் கட்டையின் தணல் சீக்கிரம் அடங்கிவிடும். சரியாகக் காயாததென்றால் புகை கண்ணைப் பிடுங்கும். சிரட்டைத் தணல் அதைவிட மேல். பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிய பிறகு ரப்பர் விறகும் அரிதாகிப்போனது. இவை எல்லாவற்றையும்விடச் சிறந்தது தைப்பிங்கை அடுத்த கோலா செப்பெத்தாங்கில் எரிக்கப்படும் பக்காவ் எனும் அலையாத்தி மரக்கரி. போர்ட் வெல்ட் என்பது அவ்வூரின் பழைய பெயர். 1885இல் மலாயாவின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து அங்கேதான் ஓடியது. தமிழ் எழுத்தும் உள்ள அந்த நிலையப் பெயர்ப்பலகை இன்னும் நிற்கிறது. சுற்றிலுமுள்ள மாத்தாங் அலையாத்திக் காடு சுமார் 40,000 ஹெக்டேர். நூறாண்டுக்கும் மேலாக மாநில வனத்துறை அதைப் பகுதி பகுதியாக, 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டி மறுநடவு செய்கிறது. பட்டை உரித்த கட்டைகளைச் செங்கல் சூளைக்குள் நிறுத்தி, வாயிலில் தீ மூட்டி, வெப்பத்தாலும் புகையாலும் ஈரத்தை வெளியேற்றி, பின் வாயை அடைத்து ஆறவிடுகிறார்கள். ஒரு சூளை முடிய ஒரு மாதம் போல ஆகும். தீ எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் புகையின் வாசத்தை வைத்தே சொல்லும் அனுபவசாலிகள் அங்கே உண்டு. கரியில் பெரும்பங்கு ஜப்பானுக்குப் போகிறது. இறுகிய மரம் என்பதால் இந்தக் கரி நெடுநேரம் நின்று எரியும், புகை குறைவு.

அடுப்பு நீளமாக, ஒடுக்கமாக இருக்க வேண்டும். பழைய எண்ணெய்த் தகரத்தை நீளவாக்கில் வெட்டி, இரு ஓரத்திலும் இரும்புக் கம்பி வைத்தால் குச்சிகள் அதன்மேல் நிற்கும், வலை தேவையில்லை. துத்தநாகம் பூசிய தகடும் வலையும் ஆகாது, சூடேறினால் நச்சுப்புகை வரும். அடுப்பு வீட்டுக்கு வெளியேதான் எரிய வேண்டும். மூடிய சமையலறையில் கரிப்புகையின் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுக்கும்.

கரியின் மேல் வெண்சாம்பல் பூக்கும்வரை குச்சியை வைக்கக் கூடாது. பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்: பசிக்கு அவசரப்பட்டுச் சுவாலையிலேயே வைத்துவிடுவார்கள், சீனி கருகும், உள்ளே பச்சையாக நிற்கும். தணல் வந்தபின் நான்கு விரல் உயரத்தில் வைத்து அடிக்கடி புரட்ட வேண்டும். நசுக்கிய செராய்த் தண்டே தூரிகை; அதை எண்ணெயிலும் தேங்காய்ப்பாலிலும் தோய்த்துத் தடவினால் கறி காயாது. பச்சைக்கறி ஊறிய மசாலாவைத் தடவக் கூடாது. சொட்டும் கொழுப்பு தணலில் விழுந்து எழுப்பும் புகைதான் சாத்தேயின் வாசம். சுவாலை எழுந்தால் மட்டும் குச்சியை நகர்த்த வேண்டும். கோழி ஏழெட்டு நிமிடத்தில் வெந்துவிடும். உட்சூடு 74 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்.

கடலைக் குவாவுக்கு வறுத்துத் தோல் நீக்கிய கடலை அரைக் கிலோ. ஈப்போவை ஒட்டிய மெங்லெம்பு வறுகடலைக்குப் பெயர்போனது. ஆனால் அது ஓட்டோடு உப்பிட்டு வறுத்தது. அதைப் பயன்படுத்தினால் குவாவில் உப்பைக் குறைக்க வேண்டும். மாவாகப் பொடிக்காமல் கொரகொரப்பாக விட வேண்டும். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், செராய், லெங்குவாஸ் அரைத்த விழுதை எண்ணெய் பிரியும்வரை வதக்கி, புளித்தண்ணீர், கூலா மெலாக்கா, கடலை, உப்பு, நீர் சேர்த்துச் சிறுதீயில் கொதிக்கவிட்டால் மேலே சிவந்த எண்ணெய் மிதக்கும், அதுதான் பதம். துண்டு போட்ட நசி இம்பிட், வெள்ளரிக்காய், பச்சை வெங்காயம் ஆகியவற்றோடு பரிமாறலாம். மிஞ்சிய குவா குளிர்ப்பெட்டியில் மூன்று நாள் தாங்கும். இறுகியிருந்தால் வெந்நீர் விட்டுச் சூடாக்கிக்கொள்ளலாம்.