இன்ஜின் விளக்கு எரிந்தால் உடனே சென்சாரை மாற்றணுமா?



குழுக் கடனில் கார், லோடு வண்டி வாங்கி ஓட்டும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மெக்கானிக் வேலை கற்றுக்கொள்ளக் கிளம்பியிருக்கும் பெண்களும் உண்டு. இரண்டு தரப்பினரும் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "டேஷ்போர்டுல மஞ்சளா இன்ஜின் படம் எரியுது. சென்சார் போயிடுச்சு, மாத்தணும்னு சொல்றாங்க. மாத்திடலாமா?"

அவசரப்பட வேண்டாம். சென்சாரை மாற்றிய பிறகும் அதே விளக்கு எரிந்தால் பணமும் போச்சு, வண்டியும் பட்டறையில் நிற்கும். ஆனால் தவணை நிற்காது. அதனால் இந்தச் சென்சார் என்பது என்ன, எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோம். இங்கே சொல்வது பெட்ரோல் வண்டிகளுக்கு.

இன்ஜினுக்கு என்ன தேவை?

காற்று, பெட்ரோல், தீப்பொறி. இந்த மூன்றும் சரியான அளவில், சரியான நேரத்தில் சேர்ந்தால் இன்ஜின் ஓடும். 1 கிலோ பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் கரும்புகை வரும், மைலேஜ் குறையும். பெட்ரோல் குறைந்தால் வண்டி இழுக்காது, திணறும்.

பழைய வண்டிகளில் இந்தக் கலவையைக் கார்புரேட்டர் பார்த்துக்கொண்டது. திருப்புளியால் திருகி சரி செய்வார்கள். இப்போது ஈசிஎம் என்கிற சிறு கம்ப்யூட்டர் பெட்டி முடிவு செய்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு, பெரும்பாலான புது ஸ்கூட்டர், பைக்குகளிலும் இந்த முறைதான்.

ஈசிஎம் பெட்டிக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. வெளியே நடப்பதை அதற்குச் சொல்பவைதான் சென்சார்கள். அவை சொல்வதைக் கேட்டு, எவ்வளவு பெட்ரோல் என்று இன்ஜெக்டருக்கும், எப்போது தீப்பொறி என்று காயிலுக்கும் ஈசிஎம் உத்தரவு போடும்.

முக்கியமான ஐந்து சென்சார்கள்

1. கிராங்க் சென்சார்: இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும். இது கெட்டால் வண்டி ஓடும்போதே ஆஃப் ஆகலாம், ஸ்டார்ட் ஆகாமலும் போகலாம்.

2. காற்றளவு சென்சார்: உள்ளே போகும் காற்றின் அளவைக் கண்டுபிடிக்க உதவும். சில வண்டிகளில் இது காற்றையே அளக்கும். சிலவற்றில் காற்றுக் குழாயின் அழுத்தத்தை அளக்கும், அதை வைத்து ஈசிஎம் கணக்குப் போடும்.

3. திராட்டில் சென்சார்: ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது காற்று வழி எவ்வளவு திறக்கிறது என்று சொல்லும். தவறினால் ஐடிலிங் ஏறி இறங்கும், பிக்கப் விட்டுவிட்டு வரும்.

4. கூலண்ட் வெப்ப சென்சார்: இன்ஜின் சூடாக இருக்கா, ஆறியிருக்கா என்று சொல்லும். சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். பல வண்டிகளில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் இருக்கும். 80 டிகிரியில் சுமார் 300 ஓம். சூடான இன்ஜினை 'ஆறியிருக்கு' என்று இது தப்பாகச் சொன்னால், ஈசிஎம் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும்.

5. ஆக்சிஜன் சென்சார்: சைலன்சர் போகும் புகைக் குழாயில் இருக்கும். எரிந்து வந்த புகையில் மிச்சம் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கும். குழம்பை ருசி பார்த்து உப்பு போடுகிற மாதிரி, இது சொல்வதை வைத்து ஈசிஎம் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். சாதாரண வகையில் 0.1 வோல்ட் பக்கம் காட்டினால் பெட்ரோல் குறைவு, 0.9 வோல்ட் பக்கம் காட்டினால் பெட்ரோல் அதிகம் என்று பொருள்.

கோடு சொல்வது என்ன?

ஏதாவது ஒரு தகவல் சரியாக இல்லையென்றால் ஈசிஎம் மஞ்சள் விளக்கைப் போட்டு, ஒரு கோடு எண்ணைப் பதிவு செய்யும். கார்களில் டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டினால் அந்த எண் தெரியும்.

ஒரு உறுப்பினர் இந்த மாதம் சேமிப்பு கட்டவில்லை என்று பதிவேட்டில் இருந்தால், அவரை உடனே நீக்கிவிடுவோமா? ஏன் கட்டவில்லை என்று விசாரிப்போம் இல்லையா? கோடும் அப்படித்தான். அது புகார், தீர்ப்பு அல்ல.

பி0118 என்ற கோடு வந்தால், கூலண்ட் வெப்ப சென்சாரின் மின்வழியில் வோல்டேஜ் அதிகம் என்று பொருள். சென்சார் கெட்டிருக்கலாம். ஆனால் கனெக்டர் கழன்றிருந்தாலும், எலி ஒயரைக் கடித்திருந்தாலும் இதே கோடுதான் வரும். பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள். ஆக்சிஜன் சென்சார் கெட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. ரப்பர் காற்றுக் குழாயில் விரிசல் இருந்தாலும், இன்ஜெக்டர் அடைத்திருந்தாலும் இது வரும். இந்த நிலையில் ஆக்சிஜன் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. உண்மை சொன்னதையே கழற்றிப் போட்டு என்ன பயன்?

சோதிக்கும் வரிசை

* முதலில் கோடைக் குறித்துக்கொள்ளுங்கள். அழிக்காதீர்கள்.
* சாவியை ஆஃப் செய்துவிட்டு அந்தச் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பச்சை பூத்திருக்கா, பின் வளைந்திருக்கா, தண்ணீர் இறங்கியிருக்கா?
* ஒயர், ரப்பர் குழாய், ஏர் பில்டர், பேட்டரி முனை ஆகியவற்றைப் பாருங்கள்.
* பிறகு மல்டிமீட்டரில் அளந்து, அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.
* அளவு தப்பு என்று உறுதியான பிறகே சென்சாரை மாற்றுங்கள். கோடை அழித்து, வண்டியை ஓட்டிப் பார்த்து, திரும்ப வரவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

செய்யக் கூடாதவை

பல சென்சார்கள் 5 வோல்ட்டில் வேலை செய்பவை. பேட்டரியின் 12 வோல்ட்டை நேராகக் கொடுத்துப் பார்த்தால் ஈசிஎம் பெட்டியே போய்விடும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றக் கூடாது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

வண்டி ஓட்டுபவர்களுக்கு

மஞ்சள் விளக்கு நின்று எரிந்தால் பதற வேண்டாம், சீக்கிரம் காட்டுங்கள். மஞ்சள் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் இன்ஜின் மிஸ்ஸிங் ஆகிறது. எரியாத பெட்ரோல் புகைக் குழாய்க்குப் போய், விலை அதிகமான கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடும். லோடோடு ஓட்டாதீர்கள். ஆயில் விளக்கோ வெப்ப விளக்கோ சிவப்பாக எரிந்தால், ஓரமாக நிறுத்தி இன்ஜினை உடனே ஆஃப் செய்யுங்கள்.

பட்டறையில் மூன்று கேள்வி கேளுங்கள்: "என்ன கோடு வந்துச்சு? ஒயரும் கனெக்டரும் பாத்தீங்களா? மீட்டர்ல எவ்வளவு காட்டுச்சு?" பழைய சென்சாரைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், காசு நம்முடையது.

தொழில் கற்க விரும்பும் பெண்களுக்கு ஐடிஐக்களில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு உள்ளது. வங்கிகள் நடத்தும் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பயிற்சி இலவசம். எந்தெந்தத் தொழில் கற்றுத் தருகிறார்கள் என்று உங்கள் மாவட்டத்தில் விசாரியுங்கள். இந்த வேலைக்கு இப்போது கை பலம் மட்டும் போதாது. அளந்து, எழுதி, ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை வேண்டும். மாதா மாதம் குழுக் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதுகிற நமக்கு அது புதுசா என்ன?

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். வண்டி வைத்திருக்கும் உறுப்பினர் வீட்டுக்கு அவசியம் சொல்லி அனுப்புங்கள்.