பாதை இல்லாத மலைக்கு வழி போடுவது எப்படி?

கொல்கத்தாவில் மலை கிடையாது. ஆனாலும் விடுமுறை வந்தால் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு இமயமலைக்குக் கிளம்புகிறவர்கள் இந்த ஊரில் ஏராளம். சண்டக்பூ (3,636 மீட்டர்) போன்ற பழகிய தடங்களை முடித்தவர்களுக்கு அடுத்ததாக ஓர் ஆசை வரும்: தடமே இல்லாத கணவாய் ஒன்றைக் கடந்து பார்க்க வேண்டும். ஆடன் கணவாய் அப்படிப்பட்டது. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ஜான் ஆடன் 1939இல் கடந்ததால் அந்தப் பெயர். கங்கோத்ரிப் பக்கமிருந்து ஏறி, கட்லிங் பனியாற்றில் இறங்க வேண்டும். உயரம் ஏறத்தாழ 5,490 மீட்டர்.

இப்படிப்பட்ட பயணத்தில் பாதி வேலை, ஹவுராவில் ரயில் ஏறும் முன்பே வீட்டு மேசையில் முடிந்திருக்க வேண்டும்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தை விரித்து வையுங்கள். அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். இமயமலைத் தாள்களில் ஒரு சமஉயரக் கோட்டுக்கும் அடுத்ததற்கும் உயர வித்தியாசம் பெரும்பாலும் 40 மீட்டர். இப்போது ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். கோடுகள் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒன்றாக இருந்தால் சரிவு சுமார் 22 பாகை, மூட்டையோடு ஏறிவிடலாம். ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்றாக நெருங்கினால் 39 பாகை. பனிச்சரிவுகள் அதிகம் கிளம்புவது 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளில்தான். அந்த இடங்களைச் சிவப்புப் பென்சிலால் தீட்டிவிட்டு, மிச்சமுள்ள வெள்ளையில் வழி தேடுங்கள்.

ஆனால் தாளை மட்டும் நம்பக் கூடாது. முப்பது மீட்டர் செங்குத்துப் பாறை இரண்டு கோடுகளுக்கு நடுவே தெரியாமலே இருந்துவிடும். பனியாறுகளும் பின்வாங்கிக்கொண்டே இருக்கின்றன. பழைய தாள் பனிக்கட்டி என்று காட்டும் இடத்தில் இன்று உருளும் கற்குவியல் கிடக்கலாம். செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

அடுத்து, நேரம். மணிக்கு ஐந்து கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி என்று 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் சொன்ன கணக்கு நல்ல பாதைக்கானது. கற்குவியலிலும் காற்று மெலிந்த உயரத்திலும் அதை இரண்டு மடங்காக்கினாலும் போதாத நாட்கள் உண்டு. 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு. பனி உருகி வரும் ஓடைகள் பிற்பகலில் பொங்கும். அவற்றைக் காலையிலேயே கடந்துவிடும்படி முகாம்களைப் போடுங்கள்.

2021 அக்டோபரில், உத்தராகண்டின் ஹர்சிலிலிருந்து லம்காகா கணவாய் வழியாக இமாசலப் பிரதேசத்தின் சித்குல் நோக்கிப் போன குழு கடும் பனிப்பொழிவில் சிக்கிப் பலர் இறந்தார்கள். அவர்களில் பலர் மேற்கு வங்காளத்துக்காரர்கள். அதனால்தான் சொல்கிறேன்: எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன வானிலையில் திரும்புவது என்பதை ஊரிலேயே முடிவுசெய்து வரைபடத்தில் குறித்துவிடுங்கள். களைத்துப்போன மனம் மேலே நின்று சரியாக முடிவெடுக்காது.

அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். அதனால் உள்ளே போனபின் உதவி கேட்க வழியில்லாமல் போகலாம். முகாம்கள், மாற்று வழி, திரும்பும் தேதி, எந்த நாளுக்குப் பிறகு தேடச் சொல்வது, அனைத்தையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.