இசைவாணர் தீட்டிய ஓவியங்கள்

கருநாடக இசையின் மும்மூர்த்திகள் என்றதும் மூன்று திருவுருவங்கள் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. சியாமா சாஸ்திரிகள் 1827-இலும், முத்துசுவாமி தீட்சிதர் 1835-இலும், தியாகராசர் 1847-இலும் மறைந்தனர். அவர்களைப் புகைப்படமாய்க் கண்டவர் எவரும் இலர். சபாக்களிலும் இல்லங்களிலும் நாம் வணங்கும் அவ்வுருவங்களுள் புகழ்பெற்றவற்றைத் தீட்டியவர் ஒரு பாடகர்; எஸ். ராஜம் என்பது அவர் பெயர்.

1919-இல் பிறந்த ராஜம், வீணை எஸ். பாலசந்தரின் தமையனார். 1934-இல் வெளிவந்த 'சீதா கல்யாணம்' என்னும் பேசும்படத்தில் இராமனாக நடித்தார். சீதையாக நடித்தவர் அவருடைய உடன்பிறந்த சகோதரி! ஊர் வாய் சும்மா இருந்திருக்குமா? பாபநாசம் சிவன், அம்பி தீட்சிதர் முதலியோரிடம் இசை பயின்றார். சென்னை ஓவியப் பள்ளியிலும் பயின்றார். மெரீனாவின் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அப்பொழுது அப்பள்ளியின் தலைவர்.

மேனாட்டு ஓவியர் ஒளியையும் நிழலையும் கொண்டு உருவத்துக்குப் பருமை தருவர். அஜந்தா ஓவியனோ வளைந்தோடும் கோட்டினாலேயே உயிர் தருவான். ராஜம் அந்தக் கோட்டு வழியையே தமதாக்கிக் கொண்டார்.

இசையிலும் பிறர் ஒதுக்கிய வழியே அவரை ஈர்த்தது. சுரத்தானங்கள் 12, அவற்றுக்கு வழங்கும் பெயர்களோ 16. ஆதலால் சில இடங்களுக்கு இரு பெயர்கள் உண்டு. சதுச்ருதி ரிஷபத்தின் இடத்திலேயே சுத்த காந்தாரமும் நிற்கும். அந்தக் காந்தாரம் வருமிடத்தில் ரிஷபமும் காந்தாரமும் ஒன்றையொன்று நெருக்கி ஒலிக்கும். இவ்வாறு சுரங்கள் நெருக்குண்டு வரும் மேளங்களை விவாதி என்பர். 72 மேளங்களில் 40 இவ்வகையின. அவற்றைப் பாடினால் தீங்கு நேரும் என்று அஞ்சியவர்களும் உண்டு. கோடீசுவர ஐயர் 72 மேளங்களுக்கும் தமிழில் கீர்த்தனைகள் இயற்றினார். ராஜம் அவற்றை அஞ்சாது பாடினார், மாணவர்க்கும் கற்பித்தார்.

சென்னை வானொலியில் பல்லாண்டுகள் பணிபுரிந்தபோதும் அவர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. எங்கள் குன்னம் பகுதியில், கணக்கு நோட்டின் ஓரத்தில் படம் வரைந்த பிள்ளையைக் கண்டிக்காத ஆசிரியர் அரியர். பாட்டா, படமா, ஒன்றைப் பற்றிக்கொள் என்று பெற்றோரும் வற்புறுத்துவர். மயிலாப்பூரில் ஒரே வீட்டில் இரண்டும் தொண்ணூறு வயதுவரை தழைத்தன. 2010-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ராஜம் மறைந்தார்.