ரேஸ் ஏறுது... வண்டி நகரலையா? பழைய ஆட்டோமேட்டிக் காரில் கியர் ஸ்லிப் ஆனால் என்ன செய்யலாம்?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு சுமார் 12 கிலோமீட்டர்தான். ஆண்டாள் கோயிலுக்குப் போகிறவர்கள், பால்கோவா வாங்கப் போகிறவர்கள், மில் வேலைக்கு வருகிறவர்கள் என்று அந்த ரோட்டில் நாள் முழுக்க ஓட்டம்தான். முன்னால் போகும் லாரியை ஓவர்டேக் செய்ய ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீர்கள். இன்ஜின் மட்டும் அலறுகிறது, ஆர்.பி.எம். முள் விர்ரென்று ஏறுகிறது. வண்டியோ அதே வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. எதிரே பஸ் வருகிறது. வயிற்றைக் கலக்கும் அந்த இரண்டு விநாடிக்குப் பெயர்தான் கியர் ஸ்லிப்!

ஒரு காலத்தில் நம் ஊர்களில் ஆட்டோமேட்டிக் கார் என்பதே அபூர்வம். 2014-ல் மாருதி செலிரியோ, ஏ.எம்.டி. கியர்பாக்ஸுடன் வந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பங்களுக்கும் அது கைக்கெட்டியது. முழங்கால் வலியால் கிளட்ச் மிதிக்க முடியாத அப்பா, புதிதாக ஓட்டப் பழகிய மருமகள் என்று வீட்டுக்கு வீடு காரணம் இருந்தது. அந்த முதல் செட் வண்டிகளுக்கு இப்போது பத்து வயதைத் தாண்டிவிட்டது. பலவும் கைமாறி, செகண்ட் ஹேண்டாக ஓடுகின்றன. இந்த வீடுகளில் 'சரி, மேனுவல் காருக்கு மாறிக்கலாம்' என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அப்பாவுக்கு அந்தக் கார்தான் கால்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த கியர்பாக்ஸ்?

மெக்கானிக் ஷெட்டுக்குப் போகும் முன் இதைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம். கிளட்ச் பெடல் இல்லாத எல்லாமே ஆட்டோமேட்டிக்தான் என்றாலும் உள்ளே இருக்கும் சங்கதி வேறு வேறு.

ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். நம் காலும் கையும் செய்யும் வேலையை ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது, அவ்வளவே. இதில் ஸ்லிப் என்றால் பெரும்பாலும் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும். ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் இருக்கிறார்கள். கிளட்ச்சைச் சீக்கிரம் தின்பது அந்தப் பழக்கம்தான். ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது கூட்டத்துக்குள் அங்குலம் அங்குலமாக நகர்த்துவதும் அதே வேலையைச் செய்யும். நல்ல செய்தி என்னவென்றால், கிளட்ச் மாற்றுவது உள்ளூர் மெக்கானிக்குக் கைவந்த கலை. ஆனால், மாற்றியபின் ஸ்கேனர் போட்டு, புது கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதை கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் வண்டியை எடுத்தால், 'புது கிளட்ச் போட்டும் உதறுதே' என்று திரும்ப வர வேண்டியதுதான். ஸ்கேனர் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பழைய ஹூண்டாய் ஐ10, மாருதி ஏ-ஸ்டார் ஆட்டோமேட்டிக் மாடல்களில் இருந்தது டார்க் கன்வெர்டர் வகை. இங்கே ஆயில்தான் எல்லாம். இன்ஜின் சக்தியைக் கடத்துவது, உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிப்பது, சூட்டைத் தணிப்பது எல்லாமே அதன் வேலை. எங்கோ ஒரு சீல் கசிந்து ஆயில் குறைந்தால் பிரஷர் குறையும், பிளேட்டுகள் வழுக்கும், வழுக்கினால் சூடு, சூட்டில் ஆயில் கருகும், கருகிய ஆயில் இன்னும் வழுக்கும். காலையில் வண்டி எடுத்த பார்க்கிங் இடத்தில் சிவப்பாக ஒரு சொட்டு தெரிந்தால் அலட்சியம் வேண்டாம்.

டிப்ஸ்டிக் உள்ள வண்டியாக இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். பெரும்பாலான வண்டிகளில் சமதரையில் நிறுத்தி, இன்ஜின் சூடாகி ஓடும்போதே பார்க்கச் சொல்வார்கள். சிலவற்றில் அணைத்த உடனே. எது என்பது மேனுவல் புத்தகத்தில் இருக்கும். ஆயில் பழுப்பாகி, கருகல் வாடை வந்தால் உள்ளே பிளேட் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெறும் ஆயில் குறைவு என்றால் கசிவை அடைத்து, சரியான ஆயிலை ஊற்றினாலே பல வண்டிகள் பிழைத்துக்கொள்ளும்.

'சரியான' என்ற சொல்லை இரண்டு முறை படியுங்கள். ஹோண்டா சிட்டி போன்ற கார்களில் வந்த சி.வி.டி. வகைக்குத் தனி ஆயில். அதில் சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றினால், உள்ளே இருக்கும் பெல்ட் வழுக்கி மொத்த கியர்பாக்ஸுக்கும் வேட்டு! ஆயில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம்: 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம், ஏழு கியர் டி.எஸ்.ஜி. பொருத்திய சுமார் 16 லட்சம் கார்களை உலகம் முழுக்கத் திரும்ப அழைத்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில், நின்று நின்று ஓடும் டிராஃபிக்கில், சிந்தெட்டிக் கியர் ஆயிலால் மின்கோளாறு வரலாம் என்று மினரல் ஆயிலுக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

போகும் வழியில் நின்றுவிட்டால்?

தென்காசி, செங்கோட்டை தாண்டி புளியரை வளைவில் ஏறும்போது ஸ்லிப் ஆனால், மிதித்து ஏற்ற முயல வேண்டாம். ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வது டார்க் கன்வெர்டர், சி.வி.டி. வண்டிகளில் நடக்காது. கயிறு கட்டி இழுப்பதும் ஆபத்து. முன்சக்கரங்கள் தரையில் உருண்டால், இன்ஜின் ஓடாததால் ஆயில் சுற்றாத கியர்பாக்ஸ் உள்ளே தேய்ந்துபோகும். வண்டியை முழுசாகத் தூக்கி வைக்கும் ரெக்கவரி லாரிதான் சரி. இன்ஷூரன்ஸில் ரோடு சைடு அசிஸ்டன்ஸ் இருக்கிறதா என்று இன்றே பாலிசியைப் புரட்டிப் பாருங்கள்.

செலவு செய்யலாமா, விற்றுவிடலாமா?

வீட்டில் சண்டை வரும் இடம் இது. கிளட்ச், சோலனாய்டு, சீல் என்ற அளவில் நின்றால் செய்துவிடலாம். கியர்பாக்ஸையே இறக்கிப் பிரித்துப் போட வேண்டும் என்றால், எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். மதுரையில் ஆட்டோமேட்டிக் வேலை தெரிந்த இன்னொரு இடத்திலும் கேளுங்கள். வண்டிக்கு 15 வயது நெருங்கிவிட்டதா என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. எஃப்.சி.க்கான வேலைகள் தனி.

பழைய ஆட்டோமேட்டிக் வாங்கப் போகிறவர்கள், காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். பிரேக்கை அழுத்தியபடி டி-யில் போட்டதும் வண்டி சட்டென்று பிடிக்க வேண்டும். பிறகு அரை மணி நேரமாவது ஓட்டி, சூடானபின் ஒரு மேம்பாலத்தில் ஏற்றிப் பாருங்கள். சில ஸ்லிப் குளிரில் தெரியும், சில சூட்டில்தான் தெரியும். நீங்கள் போகும்போதே பானெட் சுடுகிறதா? 'நாளைக்குக் காலையில வர்றேன்ணே' என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.