இதயத் துரோப்போனின் எல்லை மதிப்பு

இதயத் துரோப்போனின் எல்லை மதிப்பு என்பது, குருதியில் உள்ள இதயத் துரோப்போனின் என்னும் புரதத்தின் அளவு இயல்பானதா அல்லது இதயத்தசைச் சிதைவைக் காட்டுவதா எனப் பிரித்தறிய உதவும் அளவாகும். மாரடைப்பைக் கண்டறிவதில் இது முதன்மையான இடம் பெறுகிறது. எனினும், இது எல்லாச் சோதனைகளுக்கும் பொதுவான ஒரே எண் அன்று. சோதனை முறை, அலகு, நோயாளியின் பால், குருதி எடுக்கப்பட்ட நேரம் ஆகியவற்றுடன் சேர்த்தே இதற்குப் பொருள் கொள்ள வேண்டும்.

பின்னணி

துரோப்போனின் என்பது தசைச் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் சி, ஐ, டி என்னும் மூன்று புரதங்களின் தொகுதியாகும். சப்பானிய அறிவியலாளர் செட்சுரோ எபாசியும் அவருடைய குழுவினரும் இதனை 1960களில் கண்டறிந்தனர். ஐ, டி ஆகிய இரண்டின் இதய வடிவங்கள் எலும்புத்தசையில் உள்ளவற்றிலிருந்து வேறுபடுகின்றன. இதனால் இவை இதயத்தசைச் சிதைவின் சிறந்த குறிகாட்டிகளாக விளங்குகின்றன. இவற்றுக்கு முன்னர்ப் பெரிதும் பயன்பட்ட கிரியேட்டின் கைனேசு-எம்பி என்னும் நொதி, எலும்புத்தசை பாதிக்கப்பட்டாலும் உயரக்கூடியது.

எல்லை வகுக்கப்படும் முறை

உடல்நலமுள்ள பலரின் குருதியில் துரோப்போனினை அளந்து, அவர்களுள் 100க்கு 99 பேரின் அளவுகள் அடங்கும் புள்ளி மேல் எல்லையாகக் கொள்ளப்படுகிறது. இது 99ஆவது நூற்றுமானம் எனப்படும். எனவே, உடல்நலமுள்ளோரிலும் ஏறத்தாழ 100க்கு ஒருவர் இவ்வெல்லையைத் தாண்டியிருப்பார்.

ஒவ்வொரு நிறுவனத்தின் சோதனையும் வெவ்வேறு எதிர்ப்பொருள்களைக் கொண்டு இயங்குவதால் எல்லைகளும் வேறுபடுகின்றன. ரோச் நிறுவனத்தின் உயர் உணர்திறன் துரோப்போனின் டி சோதனையில் பரவலாகப் பயன்படும் பொது எல்லை லிட்டருக்கு 14 நானோகிராம் ஆகும். அபாட் நிறுவனத்தின் உயர் உணர்திறன் துரோப்போனின் ஐ சோதனையில் ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 16, இருபாலருக்கும் பொதுவாக 26 எனக் கொள்ளப்படுகிறது. இச்சோதனையில் 20 என்னும் அளவு பெற்ற பெண் ஒருவர், பொது எல்லையின்படி இயல்பானவராகவும் பெண்களுக்குரிய எல்லையின்படி இயல்பை மீறியவராகவும் கருதப்படுவார்.

பொருள் கொள்ளுதல்

2018இல் வெளியான மாரடைப்பின் நான்காவது உலகளாவிய வரையறையின்படி, எல்லையைத் தாண்டிய ஓர் அளவு மட்டும் மாரடைப்பை உறுதி செய்யாது. துரோப்போனின் அளவு ஏறவோ இறங்கவோ வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும். இதயத்தசைக்குக் குருதி குறைந்ததற்கான சான்றும் இருக்க வேண்டும். நெஞ்சுவலி, இதய மின்னலை வரைவில் (ஈசிஜி) புதிய மாற்றம் போன்றவை இத்தகைய சான்றுகளாகும்.

நாட்பட்ட சிறுநீரக நோய், இதயச் செயலிழப்பு, இதயத்தசை அழற்சி, நுரையீரல் தமனி அடைப்பு, கடும் நோய்த்தொற்று ஆகியவற்றிலும் துரோப்போனின் உயரும். நாட்பட்ட நோய்களில் அளவு பெரும்பாலும் நிலையாக உயர்ந்தே இருக்கும். திடீர்ச் சிதைவில் சில மணி நேரத்திலேயே மாறும். மறுபுறம், வலி தொடங்கிய உடனே எடுத்த குருதியில் அளவு இயல்பாக இருக்கக்கூடும். இதன் காரணமாகவே 1 முதல் 3 மணி நேர இடைவெளியில் சோதனை மீண்டும் செய்யப்படுகிறது.

அறிக்கையில் இடம்பெற வேண்டியவை

* அளக்கப்பட்டது துரோப்போனின் ஐ அல்லது டி என்பதும், சோதனையின் பெயரும்
* அலகு, உயர் உணர்திறன் சோதனைகளில் லிட்டருக்கு நானோகிராம் என்னும் அலகில் முழு எண்
* ஆண், பெண் இருபாலருக்கும் உரிய மேல் எல்லைகள்
* குருதி எடுக்கப்பட்ட நாளும் நேரமும்

அலகுக் குழப்பம் ஆபத்தானது. மில்லிலிட்டருக்கு 0.04 நானோகிராமும் லிட்டருக்கு 40 நானோகிராமும் ஒரே அளவே ஆகும். அலகைப் பாராதவருக்கு இது ஆயிரம் மடங்கு ஏற்றமாகத் தோன்றும். அட்டை வடிவ உடனடிச் சோதனைகள் பலவற்றில் 'உண்டு' அல்லது 'இல்லை' என்னும் விடை மட்டுமே கிடைக்கும். இவற்றின் உணர்திறன் குறைவாதலால், தொடக்க மணிகளில் வரும் 'இல்லை' என்னும் விடை மாரடைப்பை விலக்கிவிடாது.

கிருஷ்ணகிரி மாவட்டச் சூழல்

சிங்காரப்பேட்டை, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரை வட்டத்தில் திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. இங்கு நெஞ்சுவலி ஏற்படும் ஒருவர் ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் அல்லது கருநாடக எல்லையைக் கடந்து பெங்களூரு எனப் பல இடங்களுக்கு மாற்றப்படக்கூடும். ஒவ்வோர் இடத்திலும் சோதனைக் கருவி வேறாக இருக்கலாம். ஓரிடத்தில் பெற்ற துரோப்போனின் ஐ அளவை மற்றோரிடத்தில் பெற்ற துரோப்போனின் டி அளவுடன் ஒப்பிட்டு 'ஏறியது', 'இறங்கியது' எனக் கூற இயலாது. மாற்றத்தை அறிய ஒரே சோதனை முறையில் மீண்டும் அளக்க வேண்டும். முதல் அறிக்கையை நேரக் குறிப்புடன் நோயாளியோடு அனுப்புவது இதனால் இன்றியமையாததாகிறது.

மின்னலை வரைவில் எஸ்டி பகுதி உயர்ந்த மாரடைப்பு தெளிவாகத் தெரிந்தால், துரோப்போனின் முடிவுக்காகக் காத்திராமல் சிகிச்சை தொடங்கப்பட வேண்டும். தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின் கீழ், மாரடைப்பு அறிகுறிகளுடன் வருவோருக்கு ஆசுபிரின், குளோப்பிடோகிரெல், அட்டோர்வாசுட்டாட்டின் ஆகிய மருந்துகளின் முதல் வேளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வழங்கப்பட்டு, அதன்பின் அவர்கள் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகின்றனர்.